விலங்கறுத்த கதை – 7: குதிரையில் தொடங்கிய 61 ஆண்டுகள்

சென்ற இதழில் சாங் கப்பலின் வழக்கைப் பார்த்தோம். 1781இல் நடுக்கடலில் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு தண்ணீரில் தள்ளிவிட்டு, சரக்கு நட்டமாகிவிட்டதென்று கப்பல் முதலாளிகள் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றத்தில் அது காப்பீட்டு வழக்காகவே நடந்தது. அடிமை முறையை எதிர்த்துவந்த கிரான்வில் ஷார்ப் எவ்வளவோ முயன்றும், கொலைக் குற்றத்துக்காக ஒருவரைக்கூடக் கூண்டில் ஏற்ற முடியவில்லை.

அந்தச் செய்தியால் மனம் கொதித்தவர்களில் பீட்டர் பெக்கர்ட் என்ற பாதிரியாரும் ஒருவர். 1785இல் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஆண்டுதோறும் நடக்கும் லத்தீன் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்புக் கொடுப்பது அவர் பொறுப்பு. அந்த ஆண்டு அவர் கொடுத்த தலைப்பு ஒரு கேள்வி: ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா?

போட்டியில் கலந்துகொண்ட மாணவர்களில் ஒருவர் தாமஸ் கிளார்க்சன். வயது 25. நல்ல உயரம், செம்பட்டைத் தலைமுடி. கிழக்கு இங்கிலாந்தில் விஸ்பெக் என்ற சிறு ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த பாதிரியாரின் மகன். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். இவரும் பாதிரியாராவதற்கே படித்துக்கொண்டிருந்தார். அடிமை வாணிகத்தைப் பற்றி அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. முந்தைய ஆண்டும் பரிசு வாங்கியிருந்தார். இந்த ஆண்டும் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் ஆசை. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆந்தனி பெனெஸெட் எழுதிய நூல் கைக்குக் கிடைத்தது. படிக்கப் படிக்கப் பரிசின் மேலிருந்த நினைப்புப் போய்விட்டது. இரவில் தூக்கம் வரவில்லை. பரிசு என்னவோ கிடைத்தது. பல்கலைக்கழக மண்டபத்தில் கட்டுரையைப் படித்துவிட்டு, ஜூன் மாதத்தில் குதிரையேறி லண்டனுக்குப் புறப்பட்டார். வழியில் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வேட்ஸ்மில் என்ற ஊருக்கு அருகே இறங்கி, கடிவாளத்தைப் பிடித்தபடி சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கட்டுரையில் எழுதியதெல்லாம் உண்மையென்றால், யாராவது ஒருவர் இந்தக் கொடுமையை முடித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

உள்ளம் உலுக்கப்படும் அப்படியொரு நாள் நம்மில் பலருக்கும் வாய்க்கிறது. நினைவுத்தூண் அந்த ஒரு நாளுக்குத்தான் வைக்கிறார்கள். அதற்குப் பின் வந்த 61 ஆண்டுகள்தாம் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. அவற்றுக்காகவே இந்த இதழை ஒதுக்கியிருக்கிறேன்.

கிளார்க்சன் தனியாகத் தொடங்கவில்லை. அவருக்கு முன்பே இந்தக் காரியத்தில் இறங்கியிருந்தவர்கள் குவேக்கர்கள். எளிய உடை, மௌன வழிபாடு, போர் மறுப்பு என்று வாழ்ந்த சிறிய சமயக் குழுவினர் அவர்கள். 1783இல் அடிமை வாணிகத்தைத் தடைசெய்யக் கோரி நாடாளுமன்றத்துக்கு ஒரு மனுக் கொடுத்திருந்தார்கள். நாடாளுமன்றம் அதை வாங்கி வைத்துக்கொண்டது, அதோடு சரி. பேசப் பொதுமேடை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகக் கதவுகளும் அரசுப் பதவிகளும் அவர்களுக்கு மூடியிருந்தன. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அவர்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது, கணக்கெழுதும் பழக்கம் இருந்தது, சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு வரும் ஒழுங்கு இருந்தது. கிளார்க்சனின் கட்டுரையை 1786இல் ஆங்கிலத்தில் அச்சிட்டவர் ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் என்ற குவேக்கர். 1787 மே 22 அன்று லண்டனில் ஜார்ஜ் யார்டு என்ற சந்திலிருந்த அவருடைய புத்தகக் கடையில் 12 பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர்கள். மற்ற மூவரில் ஷார்ப்பும் கிளார்க்சனும் அடக்கம். அடிமை முறை முழுவதையும் ஒரே அடியில் எதிர்ப்பதா, ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் பிடித்துக் கொண்டுவரும் வாணிகத்தை மட்டும் முதலில் எதிர்ப்பதா என்று விவாதித்தார்கள். வாணிகத்தை மட்டும் என்று முடிவாயிற்று. அந்த முடிவின் விலையைப் பிறகு பார்ப்போம். நாடாளுமன்றத்தில் பேச அதன் உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் ஒப்புக்கொண்டார். பேசுவதற்குச் சாட்சியம் வேண்டும். அதைத் தேடிக் கொண்டுவருவது கிளார்க்சன் வேலை.

அந்த ஜூன் மாதமே பிரிஸ்டலுக்குப் போனார். லிவர்பூலோடு சேர்த்து அடிமைக் கப்பல்களின் பெருந்துறைமுகம் அது. செவன் ஸ்டார்ஸ் என்ற மதுக்கடையை நடத்திய தாம்சன் அவருக்கு வழிகாட்டினார். மார்ஷ் தெருவின் குடிக்கடைகளில் நள்ளிரவுக்கு மேல் மாலுமிகளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை நேரில் காட்டினார். போதையேற்றியோ, கடனில் சிக்கவைத்தோ கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

இங்கேதான் கிளார்க்சனின் மூளை வேலை செய்தது. அடிமை வாணிகம் பிரிட்டிஷ் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளி என்று முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருணையைக் கேட்டு அசையாத நாடாளுமன்றம் இந்த வாதத்துக்கு அசையும். ஆகவே கிளார்க்சன் துறைமுக அலுவலகங்களில் உட்கார்ந்து, கப்பல்களின் ஆள்பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பெயராகப் படியெடுத்தார். போனவர் யார், திரும்பியவர் யார், வழியில் இறந்தவர் யார், ஓடிப்போனவர் யார்? இப்படி 20,000க்கும் மேற்பட்ட மாலுமிகளின் கதி அவர் கைக்கு வந்தது. மற்ற வணிகக் கப்பல்களைவிட அடிமைக் கப்பல்களில் மாலுமிகள் மிக அதிகமாகச் செத்தார்கள். அது பள்ளியில்லை, சுடுகாடு என்று எண்களே சொல்லிவிட்டன. அந்தப் பட்டியல்களைப் படியெடுத்த பகல்களைப் பற்றி யாரும் ஓவியம் தீட்டவில்லை. ஆனால் இந்த இயக்கத்தின் முதுகெலும்பு அவைதான் என்பது என் எண்ணம்.

லிவர்பூலில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னே சில இரும்புச் சாமான்கள் விற்பனைக்கு இருந்தன. கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, சாப்பிட மறுப்பவர் வாயை நெம்பித் திறக்கும் கருவி. விலை கொடுத்து எல்லாவற்றையும் வாங்கினார். அதே ஊரின் துறைமுகச் சுவரில் எட்டொன்பது பேர் சூழ்ந்துகொண்டு அவரைக் கடலில் தள்ளப் பார்த்தார்கள். முட்டி மோதி, அடி வாங்கிக்கொண்டு தப்பித்தார். அடிமைக் கப்பலில் மருத்துவராக இருந்து மனம் வெறுத்து விலகிய அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ், அந்த ஊரில் ஆயுதத்தோடு அவருக்குத் துணை போனார். அங்கிருந்து மான்செஸ்டருக்குப் போய்த் தேவாலயத்தில் பேசியபோது, மேடையைச் சுற்றி நாற்பது ஐம்பது கறுப்பின மக்கள் நின்றிருந்தார்கள். அந்த ஊரிலிருந்து மட்டும் 10,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களோடு மனு எழுந்தது. நாட்டையே வளைத்த மனு இயக்கத்துக்கு அதுதான் வழிகாட்டி.

கிளார்க்சனிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. லண்டனில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பலொன்றில் ஏறிப் பார்த்தபோது, தந்தத்தையும் கைத்தறித் துணியையும் கண்டு வியந்து சிலவற்றை வாங்கியிருந்தார். பிறகு மிளகு, பிசின், சாயப்பொருள், நல்ல மரம், தோல்வேலை என்று சேர்த்துக்கொண்டே போனார். இவற்றை வாங்கி விற்கலாமே, மனிதரை ஏன் விற்க வேண்டும் என்று கேட்க அந்தப் பெட்டி. போகுமிடமெல்லாம் அதைத் திறந்து காட்டினார். இன்றும் விஸ்பெக் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

இன்னொரு தேடலையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க ஆறுகளில் படகேறிப் போய் இரவில் ஊர்களைத் தாக்கி ஆள் பிடிப்பதைக் கண்ணால் பார்த்த மாலுமி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டார். பெயர் தெரியாது. எந்தக் கப்பல் என்றும் தெரியாது. கடற்படைக் கப்பலொன்றில் இருக்கக்கூடும் என்பது மட்டும் தகவல். கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகப் போய், நிற்கும் கப்பல் ஒவ்வொன்றிலும் ஏறி விசாரித்தார். டெப்ட்ஃபோர்டு, சாதம், போர்ட்ஸ்மவுத் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள். கடைசியாகப் பிளிமவுத்தில் ஐசக் பார்க்கர் அகப்பட்டார். நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து சாட்சி சொன்னார்.

கையில் இவ்வளவு இருந்தும் தோல்விதான் வந்தது. லிவர்பூலின் புரூக்ஸ் கப்பலில் ஆட்களை எப்படி அடுக்குகிறார்கள் என்று காட்டிய படத்தை நாடே பார்த்தது. 1788ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம். படத்தில் விரல் வைக்க இடமில்லை. ஆனால் அதற்கு முன் அதே கப்பல் 600க்கும் அதிகமானோரை ஏற்றியிருக்கிறது. அடிமையாக இருந்து விடுதலை பெற்று, 1789இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்ட ஒலாடா எக்வியானோ ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இருந்தும் 1791 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை 163க்கு 88 என்ற வாக்கில் வாணிகத் தடை மசோதாவைத் தோற்கடித்தது. அதன் பிறகு, அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொட மாட்டோம் என்று குடும்பங்கள் தேநீரில் சர்க்கரையை நிறுத்தின. அப்படி நிறுத்தியவர்கள் 3 லட்சம் இருக்கும் என்று கிளார்க்சன் கணக்கிட்டார். வீட்டுச் செலவு பெண்கள் கையில் இருந்ததால் வாக்குரிமையில்லாத அவர்களே இதை நடத்தினார்கள். 1792இல் 519 மனுக்கள் குவிந்தன. சபை இறங்கி வந்து, 'படிப்படியாக' ஒழிக்கலாம் என்றது. பிரபுக்கள் சபை அதையும் இழுத்தடித்தது. மறு ஆண்டு பிரான்சோடு போர் மூண்டதும் சீர்திருத்தம் பேசுபவர் எவராயினும் தேசத்துரோகி என்றாகிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில் பாரிஸ் போய், அதன் தலைவர்களில் ஒருவரான மிராபோவைச் சந்தித்து வந்தவர் கிளார்க்சன். அவர் மேல் சந்தேகம் இரட்டிப்பாகியது.

1794இல் அவர் விழுந்தார். ஏழு ஆண்டுகளில் 35,000 மைல் பயணம். 400 பேரோடு தன் கைப்படக் கடிதப் போக்குவரத்து. சாட்சிகளின் வழிச்செலவுக்கும் வேலை பறிபோனவர்களின் பிழைப்புக்கும் தன் பணத்தையே கொடுத்திருந்தார். நரம்புகள் தளர்ந்தன, குரலும் நினைவும் தடுமாறின. மாடியேறினாலே உடல் நடுங்கி வியர்த்தது. நண்பர்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். வடக்கே அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நிலம் வாங்கி, வீடு கட்டி, 1796இல் கேதரின் பக்கை மணந்துகொண்டு உழவராகிவிட்டார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரத்தியும் அங்கே நெருங்கிய நண்பர்கள். பள்ளியில் டாஃபடில் மலர்களைப் பற்றிய கவிதையைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி: 1802 ஏப்ரலில் அண்ணனும் தங்கையும் கிளார்க்சன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பி நடந்தபோதுதான் ஏரிக்கரையில் அந்த மலர்களைக் கண்டார்கள்.

அந்த ஒன்பது பத்து ஆண்டுகளைக் கிளார்க்சன் வரலாற்றில் ஓட்டையாகச் சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. லண்டன் குழுவே 1797க்குப் பிறகு கூடுவதை நிறுத்திவிட்டது. வில்பர்ஃபோர்ஸ் மட்டும் ஏறக்குறைய ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்து தோற்றுக்கொண்டிருந்தார். அவருடைய உறுதிக்கு இந்த வரலாறு என்றும் கடன்பட்டது. உடல் உடைந்த ஒருவர் ஒதுங்குவது கைவிடுவதாகாது. கைவிட்டாரா, இளைப்பாறினாரா என்பது திரும்பி வரும்போதுதான் தெரியும். கிளார்க்சன் திரும்பி வந்தார். 1804இல் குழு மீண்டும் கூடியது. மறு ஆண்டு அவர் குதிரையேறிப் பழைய ஊர்களுக்கெல்லாம் போனார். 1792இல் குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது இளைஞர்கள். பழைய கதையே அவர்களுக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். சாட்சியம் அவர் கையில் பத்திரமாக இருந்தது. 1807 பிப்ரவரியில் காமன்ஸ் சபை 283க்கு 16 என்று வாக்களித்தது. மார்ச் 25 அன்று சட்டமாயிற்று. பிரிட்டிஷ் கப்பல் எதுவும் இனி அடிமைகளை ஏற்ற முடியாது.

பெரும்பாலான நூல்கள் இங்கே முடிந்துவிடும். கிளார்க்சனும் முடித்திருக்கலாம். வயது 47, வெற்றி, ஊர் மெச்சியது, வேர்ட்ஸ்வொர்த் அவருக்காகக் கவிதை எழுதினார். 1808இல் இரண்டு தொகுதிகளாகத் தம் இயக்கத்தின் வரலாற்றை வெளியிட்டார். அதில் ஒரு வரைபடம் உண்டு. ஓடைகளும் ஆறுகளும் ஒன்றில் ஒன்று கலந்து பெரிய ஆறாகும் படம். ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு மனிதரின் பெயர். அடிமை முறைக்கு எதிராக ஒரு பக்கம் எழுதியவரும், ஒரு சிறு புத்தகம் போட்டவரும் அங்கே ஓடையாக ஓடுகிறார்கள். தனக்கு முன்னே உழைத்தவர்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் 1787இல் ஜார்ஜ் யார்டில் எடுத்த முடிவின் விலை இப்போது தெரிந்தது. வாணிகம் நின்றது, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஏற்கெனவே இருந்த லட்சக்கணக்கானோர் அடிமைகளாகவே இருந்தார்கள். புது ஆள் வராவிட்டால் தோட்ட முதலாளிகள் இருப்பவர்களை நன்றாக நடத்துவார்கள், முறை தானே தேய்ந்துவிடும் என்று இயக்கத்தார் நம்பியிருந்தார்கள். அது நடக்கவில்லை. தோல்வியைத் தாங்குவதற்குப் பிடிவாதம் போதும். வெற்றி விழா எடுத்த பிறகு, காரியம் பாதிகூட முடியவில்லை என்று ஊரறியச் சொல்லி மறுபடி கையேந்திக் கிளம்புவதற்கு அதைவிடப் பெரிய மனம் வேண்டும். கிளார்க்சனை நான் பெரியவராகக் காண்பது 1787இன் பிரிஸ்டலைவிட 1823இன் சாலைகளில்தான்.

இடைப்பட்ட ஆண்டுகளிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1814 சமாதான ஒப்பந்தத்தில் பிரான்சுக்கு மேலும் ஐந்து ஆண்டுகள் அடிமை வாணிகம் செய்ய இடம் கொடுத்தபோது, மீண்டும் நூற்றுக்கணக்கான மனுக்கள் எழுந்தன. அடிமைகள் தாமே போரிட்டு வென்று எடுத்த நாடான ஹெய்ட்டியின் மன்னர் ஹென்றி கிறிஸ்டோஃப் அவரோடு பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1820இல் கிறிஸ்டோஃப் தற்கொலை செய்துகொண்டதும், அரசி மாரி லூயிசும் இரண்டு மகள்களும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். தாமசும் கேதரினும் சஃபோக்கில் இருந்த தங்கள் பிளேஃபோர்டு ஹால் வீட்டில் மாதக்கணக்கில் அவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் சமத்துவம் பேசியவர்களில் எத்தனை பேர் அன்று தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கறுப்பினக் குடும்பமொன்றை உட்காரவைத்தார்கள் என்று எண்ணிப்பார்க்கும்போதுதான் இதன் எடை தெரிகிறது.

1823இல் அடிமை முறையையே ஒழிப்பதற்காகப் புதிய சங்கம் தொடங்கியது. கிளார்க்சனுக்கு வயது 63. மறுபடி நாடு முழுக்க 10,000 மைல் சுற்றினார். பழைய ஊர்களில் பழைய நண்பர்களின் பிள்ளைகள் குழு அமைத்தார்கள். அந்தச் சங்கமும் 'படிப்படியாக' என்றே பேசியது. 1824இல் லெஸ்டர் நகரத்துப் பள்ளி ஆசிரியை எலிசபெத் ஹெய்ரிக், படிப்படியாக வேண்டாம், உடனே வேண்டும் என்று ஒரு சிறுநூல் எழுதினார். பெண்கள் சங்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. வீடு வீடாகப் போய் மறுபடி சர்க்கரையை நிறுத்தச் சொன்னார்கள். கரும்புத் தோட்டங்களிலோ, லண்டன் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 1823இல் டெமராராவிலும் 1831இல் ஜமைக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் எழுந்தார்கள். ஜமைக்கா எழுச்சியின் தலைவர் சாம் ஷார்ப் 1832இல் தூக்கிலிடப்பட்டார். இனியும் இழுத்தால் தீவுகள் கையில் நிற்காது என்று நாடாளுமன்றத்துக்குப் புரிந்ததற்கு அந்த உயிர்கள் முதற்காரணம். இதைச் சொல்லாமல் லண்டனின் நல்ல மனத்தை மட்டும் பாடுவது பொய்யாகிவிடும்.

1833 ஆகஸ்டில் சட்டம் வந்தது. வில்பர்ஃபோர்ஸ் அதற்கு ஒரு மாதம் முன் ஜூலை 29 அன்று கண் மூடியிருந்தார். 8 லட்சம் பேர் விடுதலை பெறுவார்கள். 2 கோடி பவுண்டு நட்டஈடு முழுவதும் உடைமையாளர்களுக்குப் போயிற்று. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் மேலும் சில ஆண்டுகள் 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அதே முதலாளிக்கே உழைக்க வேண்டும் என்றார்கள். ஜோசப் ஸ்டர்ஜ் என்ற குவேக்கர் நேரில் தீவுகளுக்குப் போய் விவரம் திரட்டி வந்து போராடியதால் 1838இல் அதுவும் ஒழிந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைக்கும், செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது தஞ்சை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம் எதற்கும் பொருந்தாது. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் மிராசுதார்களிடம் உழைத்த பள்ளர், பறையர் சமூகத்துப் பண்ணையாட்களைப் பற்றி 1819இலேயே மாவட்ட ஆட்சியர்கள் சென்னை வருவாய் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தார்கள். தெரியாமல் நடந்த விலக்கில்லை அது.

அதைவிட மனத்தை உறுத்துவது வேறொன்று. மேற்கிந்தியச் சர்க்கரையை நிறுத்திய ஆங்கிலக் குடும்பங்கள் அதற்குப் பதிலாக இந்தியச் சர்க்கரையை வாங்கின. அடிமைகள் உற்பத்தி செய்யாதது என்று எழுதிய அழகான சர்க்கரைக் கிண்ணங்கள் மேசைகளை அலங்கரித்தன. இந்தியாவில் அடிமை முறை இருக்கிறதே என்று மேற்கிந்திய முதலாளிகளின் ஆதரவாளர்கள் கேட்டார்கள். கேட்டவர்களின் நோக்கம் கெட்டது, கேள்வி சரியானது. இயக்கம் அதற்கு நேர்மையான பதில் சொல்ல 1830களின் கடைசிவரை ஆயிற்று. இதற்கிடையில் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கியிருந்தார்கள். விடுதலை பெற்றவர்கள் விட்டுப்போன கொட்டடிகளில் நம் மக்கள் குடியேற்றப்பட்டார்கள். அடிமை ஒழிப்பு இயக்கத்தார் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1839இல் இந்திய அரசு தடை போட்டது. 1842இல் மொரீஷியசுக்கு மட்டும் மறுபடி வழி திறந்துவிட்டது.

1840 ஜூனில் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியது. தலைமை தாங்க 80 வயதுக் கிளார்க்சனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். ஜார்ஜ் யார்டில் கூடிய 12 பேரில் அப்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே மகனை விபத்தில் பறிகொடுத்திருந்தார். சிறுவனான பேரன் பக்கத்தில் இருந்தான். கண்புரையால் மங்கியிருந்த பார்வை அறுவை சிகிச்சைக்குப் பிறகே ஓரளவு திரும்பியிருந்தது. வில்பர்ஃபோர்சின் மகன்கள் 1838இல் எழுதிய தந்தை வரலாற்றில், கிளார்க்சன் வெறும் கூலிக்காரர் போலவும் புகழை அபகரித்தவர் போலவும் சித்தரித்திருந்தார்கள். 78 வயதில் அதற்கு மறுப்பு எழுத வேண்டிய நிலை அவருக்கு. 1844இல் அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்; ஆனால் அந்த நூலின் நிழல் நூறாண்டுக்கு மேல் அவர் பெயர்மீது விழுந்துகிடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தது 1996இல்தான். புகழ் கிடைக்காததால் அவர் ஒருநாளும் வேலையை நிறுத்தவில்லை.

அந்த மாநாட்டில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. அமெரிக்காவிலிருந்து பிரதிநிதிகளாக வந்த பெண்களைச் சபையில் உட்கார விடாமல் பார்வையாளர் பகுதிக்கு அனுப்பினார்கள். மனுக்களுக்குக் கையொப்பம் வாங்கிய கால்களும் சர்க்கரையை நிறுத்திய கைகளும் பெண்களுடையவை. அதை நினைத்தால் இந்த அநீதி இன்றும் சுடுகிறது. அங்கே அவமதிக்கப்பட்ட லுக்ரீஷியா மாட்டும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் 1848இல் அமெரிக்காவில் பெண்ணுரிமை மாநாடு கூட்டினார்கள். அடுத்த செய்தி நமக்குரியது. இந்தியாவில் நிலவும் அடிமை முறை அந்த மாநாட்டின் விவாதப் பொருளாயிற்று. வங்காளத்தில் நெடுங்காலம் இருந்த வில்லியம் ஆடம் அதைப் பற்றி எழுதிய நூல் அதே ஆண்டு வெளிவந்தது.

1846 ஆகஸ்டில் பிளேஃபோர்டு ஹாலுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ். அவர் கையைப் பற்றிக்கொண்டு, உங்கள் மக்களின் விடுதலைக்கு 60 ஆண்டுகள் கொடுத்தேன், இன்னும் 60 ஆண்டுகள் இருந்தால் அவற்றையும் இதற்கே கொடுப்பேன் என்ற கருத்துப்படக் கிழவர் சொன்னதை டக்ளஸ் தம் வாழ்க்கை நூலில் பதிவு செய்திருக்கிறார். செப்டம்பர் 26 அன்று கிளார்க்சன் இறந்தார்.

இந்தியாவுக்கான சட்டத்தைப் பார்க்கும்வரை அவர் இருந்தார். லண்டனிலிருந்து வந்த நெருக்குதலும், 1841இல் இந்தியச் சட்ட ஆணையம் அளித்த அறிக்கையும் சேர்ந்து, 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டமாக அது வெளிவந்தது. இலங்கையில் 1844இல் தனிச் சட்டம் வந்தது. இந்தியச் சட்டம் சிறியது. ஒருவர் அடிமை என்ற அடிப்படையில் எந்த உரிமையையும் இனி நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆனால் அடிமையாக வைத்திருப்பவருக்கு அது தண்டனை எதையும் விதிக்கவில்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் எழுத 1860 வரை ஆயிற்று. பண்ணையாள் வாங்கிய கடனைப் பற்றியோ, அவர் குடியிருந்த மனை யாருடையது என்பதைப் பற்றியோ 1843இன் சட்டத்தில் ஒரு சொல்லும் கிடையாது. அந்த இடைவெளியில் தஞ்சை வயல்களில் என்ன நடந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.